ஆறாவது கோல்கீப்பர்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே இருங்கள் தம்பி. எனக்கு இந்த ஓரம் போதும். ஆனால் ஒரு உதவி செய்ய வேண்டும். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போது வெளியே பார்த்து, யார் நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். எனக்கு வலது கண்ணில் புரை. இடது கண் கைக்கு எட்டுவதை மட்டும் பார்க்கும். முகத்தைச் சொல்ல வேண்டாம், அந்த முகம் உங்களுக்குத் தெரியாது. ஆணா, பெண்ணா, எப்படி நிற்கிறார்கள் என்று சொன்னால் போதும். மீதியை நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

பையை மேலே வைக்கச் சொல்லாதீர்கள். கண்டக்டர் சொல்லிப் பார்த்துவிட்டார். மடியிலேயே இருக்கட்டும்.

நான் பேசுகிறவன் இல்லை. கோவில்பட்டியில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். எடை போடுகிறவன் வாயைத் திறந்தால் முள் ஆடும் என்று முதலாளி சொல்லுவார். அப்படியே பழகிவிட்டது. இன்றைக்கு என்னவோ காலையிலிருந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பேசிக்கொண்டு வந்தால் தேவலை போல இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஆனால் விளாத்திகுளத்தில் முழித்துக்கொள்ள வேண்டும்.

பைக்குள் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. நல்ல குணம். நானே சொல்கிறேன். தீப்பெட்டி லேபிள்.

சிரிக்கவில்லையே? சரி.

எங்கள் ஊர் தீப்பெட்டிக்கும் ஆக்கிக்கும் பேர் போனது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் மட்டை மார்க் என்று ஒரு தீப்பெட்டி வந்தது. அந்த முதலாளிக்கு ஆக்கிப் பைத்தியம். ஊரில் நடந்த போட்டிக்கு வந்த ஆட்டக்காரர்களை எல்லாம் ஆள் வைத்து வரைந்து, லேபிளில் போட்டுவிட்டார். பெட்டிக்கு ஒரு ஆள். நீலக் கரை, கீழே பெயர், கையில் மட்டை. எந்தப் பெட்டியில் எந்த ஆள் வருவான் என்று தெரியாது. ஊர்ப் பையன்கள் பூராவும் அதன் பின்னால்தான் அலைந்தோம். அடுப்படியில் தீப்பெட்டி காலியாகும் முன்பே லேபிள் காணாமல் போய்விடும். அம்மாமார் திட்டுவார்கள்.

அதற்குள் ஒரு தனி வரிசை இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். கோல்கீப்பர் வரிசை. மற்றதெல்லாம் நீலக் கரை என்றால் இதற்குச் சிவப்புக் கரை. மொத்தம் ஆறே ஆறு. அந்த முதலாளியின் மகன் கோல்கீப்பர், அதனால் அப்படி என்று சொல்லுவார்கள். இருக்கலாம். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள், தடுத்தவனை யார் தூக்குகிறார்கள்? அவர்களுக்கு என்று தனியாகக் கரை போட்டாரே, அந்த மனுஷன்தான் மனுஷன்.

ஐந்து பேர் முன்பக்கம் பார்ப்பார்கள். ஒருவன் மண்டி போட்டிருப்பான், ஒருவன் பாய்வான், ஒருவன் இடுப்பில் கை வைத்து நிற்பான், இப்படி. ஆறாவது ஆள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பெயர் இல்லை. முதுகும், இரண்டு காலிலும் கட்டிய தடித்த பேடும், தூரத்தில் மைதானமும், அவ்வளவுதான். இடது தோள் சற்று இறங்கியிருக்கும். யாராக இருக்கும் என்று எங்களுக்குள் சண்டை வரும்.

ஏன் முதுகு, தெரியுமா? டிக்கெட் எடுக்க வழியில்லாத பையன்களை எல்லாம் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் உட்கார விடுவார்கள். வலைக்குப் பின்னால், வெயிலில், பந்து வந்து முகத்தில் அடித்தாலும் கேட்க ஆள் இல்லாத இடம். அங்கே இருந்து பார்த்தால் கோல்கீப்பருக்கு முதுகுதான் உண்டு. அந்தப் படம் எங்களுக்காக வரைந்த படம். அப்படித்தான் நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அய்யாத்துரை.

அவன்தான் இப்போது விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறான். என் மச்சான். என் வீட்டுக்காரியின் அண்ணன். அப்போது மச்சான் இல்லை, கூட்டாளி. ஐந்து கோல்கீப்பரையும் நான்தான் முதலில் சேர்த்தேன். அவனிடம் ஒன்றுகூட இல்லை. ஆறாவது மட்டும் ஊரில் யாருக்கும் கிடைக்காமல் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவன் அம்மா வாங்கி வரச் சொன்ன தீப்பெட்டியில் அது அவன் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குக்கூடக் கொடுக்கவில்லை. கடைக்குப் போகும்போதே காசு தொலைந்துவிட்டது என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டான். பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் தீப்பெட்டிக்குக் குறுக்கே சர்க்கார் வரித்தாள் ஒட்டி வரும். மெல்லிசாக, விரல் அகலத்துக்கு. அது கிழிந்தால்தான் பெட்டி திறக்கும். லேபிள் சேர்க்கிறவர்களுக்கு வரித்தாள் கிழியாத பெட்டி என்றால் அது வேறு ஜாதி. நான் என் லேபிள்களைத் தண்ணீரில் ஊறவைத்து, உரித்து, வெள்ளைத் தாளில் காயவைத்தவன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவன் அதைச் சொல்லியே என்னைக் குத்துவான். "நீ ஊறப் போட்ட பய, மாப்ள. எங்கிட்ட இருக்கது பெறந்த மேனிக்கு இருக்கு" என்பான்.

கொடு என்று கேட்டேன். பதிலுக்கு நீலக் கரையில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். ஒரு கட்டத்தில் நீலக் கரை முழுவதையும் தருகிறேன் என்றேன். தர மாட்டேன் என்று சொல்லமாட்டான். "பாப்போம் மாப்ள" என்பான். அந்தப் பாப்போமிலேயே எங்கள் தலை நரைத்துவிட்டது.

அவன் தங்கச்சி சண்முகத்தாயை எனக்குக் கேட்டு வீட்டில் போனார்கள். பெண் பார்க்கப் போன அன்று சாமி அலமாரியில் அந்தப் பெட்டி இருந்தது. நான் அதையும் பார்த்தேன். பார்த்தது தப்பா? கண்ணுக்கு எதிரே இருந்தது. அதை வைத்து இன்றுவரை கேலி. "பொண்ணப் பாக்க வந்தீரா, பொட்டியப் பாக்க வந்தீரா" என்று என் கொழுந்தியாள் கேட்பாள். சண்முகத்தாய் சிரிக்கமாட்டாள். அவளுக்கு இந்த மாதிரிக் கேலி பிடிக்காது.

இது எட்டயபுரம். டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா? நானும் இறங்கவில்லை. இறங்கினால் இடம் போய்விடும்.

போன வருஷம் என் மகள் முனீஸ்வரிக்கு வரன் அமைந்தது. ஒரே பிள்ளை. சாத்தூர் மாப்பிள்ளை, நல்ல குடும்பம். ஆனியில் பேசி முடித்து ஆவணியில் முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். மாமன் தட்டோடு வந்து, முதல் மாலையைப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். உங்கள் பக்கத்திலும் அப்படித்தானே?

வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க நானும் சண்முகத்தாயும் விளாத்திகுளம் போனோம். இதே பஸ்தான். நல்லபடியாகச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் அய்யாத்துரை முறைக்குக் கேட்டான், என்ன சீர் செய்யட்டும் என்று. கேட்பது வழக்கம். உங்கள் இஷ்டம் என்று சொல்வதும் வழக்கம். எனக்கு என்ன தோன்றியது என்றால், அவன் வாயால் கேட்கிறான், நாம் ஏன் மனதில் இருப்பதைச் சொல்லக்கூடாது? பாத்திரம் பண்டம், நகை நட்டு எதுவும் வேண்டாம், அந்தத் தீப்பெட்டியைத் தட்டில் வை என்றேன். யோசித்துப் பாருங்கள், அவனுக்கு எவ்வளவு செலவு மிச்சம். நான் அவன் நன்மைக்குத்தான் சொன்னேன்.

அவன் பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அது சீர்ல வராது மாப்ள" என்றான்.

அப்படியானால் தாய்மாமன் தட்டே எங்களுக்கு வேண்டாம் என்று நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். சத்தம் போட்டேன் என்று சண்முகத்தாய் பின்னால் சொன்னாள். என் குரல் எனக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் பேச வேண்டியதை மட்டும் பேசினாள். பந்தல்காரன் வந்திருக்கான், தேங்காய் வந்திருச்சு, இப்படி. கல்யாண வேலையில் அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று காலையில் அய்யாத்துரையைக் காணவில்லை.

மாப்பிள்ளையை மணவறையில் உட்கார வைத்தாயிற்று. ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார். முனீஸ்வரி அலங்காரம் முடிந்து உள் அறையில் உட்கார்ந்துகொண்டு, மாமா வராமல் வெளியே வரமாட்டேன் என்கிறாள். அவள் அம்மா கதவுக்கு வெளியே நிற்கிறாள். நான் மண்டப வாசலில் நிற்கிறேன். வருகிற போகிறவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரிடம், நியாயம் கேட்பதற்காகச் சொன்னேன், அது சொன்னதாகுமா?

மாப்பிள்ளையின் தகப்பனார் என் பக்கத்தில் வந்து நின்றார். மரியாதையானவர். கடிகாரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காதில், "சம்பந்தி, நல்ல நேரம் ஒரு தீப்பெட்டிக்காக நிக்காது" என்றார்.

எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் எழுந்து போனால் என் மகள் கதி என்ன? நான் அதைத்தான் நினைத்தேன். அதையும் நினைத்தேன், அவன் தட்டில் அது இருக்குமா என்பதையும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்து நினைப்பது ஒரு குற்றமா தம்பி? மனசு என்ன ஒற்றைத் தட்டுத் தராசா?

கெட்ட வார்த்தை வந்துவிடும் என்கிற நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பெண்கள் தட்டுத் தட்டாக இறக்கினார்கள். பட்டுப் புடவை, பழம், தேங்காய், மாலை, பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. ஒன்றும் குறையில்லை. கடைசியாக அய்யாத்துரை இறங்கினான். அவன் கையில் ஒரு சின்னத் தட்டு. வெற்றிலை விரித்து, அதன் மேல் அந்தத் தீப்பெட்டி.

என் முன்னால் நின்று நீட்டினான். "எடுத்துக்கோ மாப்ள. எம் மருமக வெளிய வரட்டும்" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான்.

நான் எடுத்தேன். என் கையில் முதல்முறையாக. இத்தனை காலத்தில் ஒரு தடவைகூடத் தொட விட்டதில்லை அவன். சிவப்புக் கரை கொஞ்சமும் மங்கவில்லை. குறுக்கே வரித்தாள், ஒரு நூல் பிரியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஆள் நிற்கிறான். வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெயில் எல்லாம் எனக்குத் திரும்பி வந்தது. முனீஸ்வரி மாமன் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வந்தாள் என்று சொன்னார்கள். ரொம்ப அழகாக இருந்தாளாம்.

என்னையும் மணவறைக்குக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பெட்டியைச் சட்டைப் பையில் வைக்க மனசில்லை, கசங்கிவிடும். உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.

அப்போதுதான் விளக்கு அமர்ந்தது. மண்டபத்தில் பெரிய மின்விசிறி ஒன்றை எவனோ திருப்பிவிட்டான், மணவறைக் குத்துவிளக்கு குப்பென்று அமர்ந்துவிட்டது. அதுவும் தாலியை ஆசீர்வாதத்துக்குச் சுற்றி எடுத்து வந்த நேரத்தில். பெண்கள் எல்லாம் நெஞ்சில் கை வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்துப்போனது. தீப்பெட்டி, தீப்பெட்டி என்கிறார்கள், சமையற்கட்டுக்கு ஆள் ஓடுகிறான், சமையற்கட்டு மண்டபத்துக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.

சண்முகத்தாய் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான். பெட்டியை எடுத்தாள். எனக்கு விரலை மூடத் தோன்றவில்லை. கட்டை விரல் நகத்தால் வரித்தாளைக் கீறினாள். அந்தச் சத்தம் மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

முதல் குச்சி மருந்து உதிர்ந்துவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். எவ்வளவு பழைய குச்சி, எப்படிப் பற்றும்? மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உரசிக்கொண்டே இருந்தாள். ஒரு குச்சி சீறிக்கொண்டு பற்றியது. நீளமான, மஞ்சள் சுடர். அந்தக் கால மருந்து. கை மறைத்து விளக்கை ஏற்றினாள்.

பிறகு பெட்டியை என்னிடம் தரவில்லை. அண்ணனிடம் நீட்டினாள். "இது ஒங்கிட்டயே இருக்கட்டும்ணே. இந்த வீட்டுல இதுக்கு வேல முடிஞ்சிருச்சு" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள். லேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரித்தாள்? அவ்வளவு காலம் பிரியாமல் இருந்ததை ஒரு நகத்தால். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சமையற்கட்டிலிருந்து தீப்பெட்டி வந்திருக்கும். வந்தது. அந்த ஆள் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றான். அதற்குள் முடிந்துவிட்டது. இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருவராவது கேட்டார்களா?

கிழிந்த வரித்தாள் கீழே விழுந்திருந்தது. காலில் மிதிபடக்கூடாதே என்று குனிந்து தேடினேன். ஒரு துண்டு மணவறை ஓரத்தில் கிடந்தது. இன்னொரு துண்டு பூவுக்குள் கிடந்தது. கெட்டிமேளம் கேட்டது. கேட்காமல் இல்லை. அட்சதை என் முதுகில் வந்து விழுந்தது. நான் நிமிர்ந்தபோது எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டு துண்டும் இருக்கிறது. பசையோடு கொண்டு போகிறேன். ஓரம் பார்த்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது.

கல்யாண ஆல்பம் வந்தபோது பார்த்தேன். அந்தப் போட்டோக்காரன் தொழில் தெரியாதவன். தாலி கட்டுகிற படத்தில் எல்லோர் முகமும் இருக்கிறது. அய்யாத்துரை இருக்கிறான், சண்முகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் இருக்கிறார்கள். என்னை மட்டும் முதுகுப்பக்கம் பிடித்திருக்கிறான். குனிந்த முதுகு. புதுச் சட்டை மடிப்புகூடக் கலையாமல் விழுந்திருக்கிறது. நல்ல வேளை. முனீஸ்வரி போனில், "அப்பா, நீங்க எந்தப் படத்துலயும் இல்லையே" என்றாள். முதுகு இருக்கிறதே, நன்றாகப் பார் என்றேன். அவள் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். அப்புறம் அவள் அவ்வளவாகப் போன் செய்வதில்லை. புகுந்த வீட்டில் வேலை இருக்கும்.

சண்முகத்தாய் அன்று சாயங்காலம் மகளை வழியனுப்பிவிட்டு, அண்ணன் வேனிலேயே ஏறி விளாத்திகுளம் போய்விட்டாள். ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன் என்றாள். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டம்மாளிடம் சொன்னாளாம். கல்யாண அலைச்சல், முழங்கால் வலி, ஓய்வு வேண்டாமா? நான் தடுக்கவில்லை. ஆவணி போய் ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு வருவாள் என்று வாசலைக் கூட்டி வைத்தேன். வரவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு அய்யாத்துரை மஞ்சள் குலையும் கரும்பும் கொண்டு வந்து தங்கச்சிக்குக் கொடுப்பான். தங்கச்சியே அங்கே இருந்தால் எங்கே கொண்டு வருவான்? இந்தப் பொங்கலுக்கு யாரும் வரவில்லை. எனக்குக் கரும்பு கடிக்கப் பல் இல்லை, அதனால் ஒன்றும் நஷ்டமில்லை.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. ஓட்டல் இருக்கிறது. ராத்திரி ஒரு டம்ளர் பால்.

இப்போது எதற்குப் போகிறேன் என்றால், பொங்கல் கழிந்து ஒரு நாள் கோல்கீப்பர்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ஆளின் காலில் பூச்சி அரித்திருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பூச்சி வந்ததில்லை. ஒட்டி வைத்த நோட்டின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே காய்ந்த வேப்பிலை கிடக்கிறது. நான் வைக்கவில்லை. மாதா மாதம் யாரோ பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர்தானே. அவள் போன மாதத்தோடு அது நின்றுவிட்டது.

அன்று முழுக்க அந்த வேப்பிலைச் சருகைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் எனக்குத் தெளிவானது. வரிசை என்பது பிரிந்து கிடக்கக்கூடாது. ஐந்து இங்கே, ஒன்று அங்கே என்று எவ்வளவு நாளைக்கு? ஆறாவது இங்கே வராது என்றால், ஐந்தும் அங்கே போக வேண்டியதுதான். அங்கே இருந்தால் அவள் கையால் வேப்பிலை விழும், பூச்சி அண்டாது. அய்யாத்துரைக்கே கொடுத்துவிடுகிறேன். அவன் பெயரில் முழு வரிசையாக இருக்கட்டும். முற்றிலும் லேபிளின் நன்மைக்காகத்தான் இந்தப் பயணம். அவளைக் கூப்பிட வருகிறேன் என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாது, அதுதான் எனக்குக் கவலை.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறேன், ஐந்தையும் கொண்டு வருகிறேன் என்றேன்.

"லேபிளுக்கா வாரே மாப்ள, ஆளுக்கா?" என்றான்.

"வரிசைக்கு" என்றேன்.

அவன் சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை. "சரி. பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்ப முடியுமான்னு பாக்கேன். ஆள் நின்னா எறங்கு. நிக்கலேன்னா அப்படியே திரும்பிப் போயிரு. வீட்டுக்கு வந்துராத. இங்க ஒருத்தி இப்பதான் ரெண்டு வாய் ஒழுங்கா சாப்புடுதா" என்றான்.

அதுதான் தம்பி. அதற்காகத்தான் உங்களைப் பார்க்கச் சொன்னேன். யாரும் இல்லை என்றால் நான் இறங்கப்போவதில்லை. இதே வண்டி அடுத்த ஊர் வரை போய் இந்த வழியாகவே கோவில்பட்டி திரும்பும், கண்டக்டரிடம் கேட்டுவிட்டேன். வத்தல் கடைப் பையன் எவனாவது நின்றால் பையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதுவும் சரிதான். வேலை முடிந்ததுதானே.

வந்துவிட்டதா? இது எந்த இடம்? பாலமா?

இருங்கள், துண்டை எடுத்துக்கொள்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. தை மாதத்தில் இப்படி வேர்க்குமா?

பாருங்கள் தம்பி. திரும்புகிறது. என்ன தெரிகிறது? பூக்காரியா, அவளை விடுங்கள். டீக்கடைப் பக்கம்? சரி, யாரோ சைக்கிளோடு. வத்தல் மூட்டை இருக்கிறதா அதில்? இல்லையா. அவனும் இல்லை. போகிறானா? போகட்டும். வேறு யார்?

யாரும் இல்லையா?

நன்றாகப் பாருங்கள். தூண் பக்கம், நிழல் இருக்கிற இடத்தில். அவளுக்கு வெயில் ஆகாது.

ஒரு அம்மாவா? எப்படி நிற்கிறாள்? முதுகைக் காட்டிக்கொண்டா? இந்தப் பக்கம் பார்க்கவே இல்லையா? முகம் வேண்டாம் தம்பி, நான்தான் சொன்னேனே. கொண்டை எப்படி இருக்கிறது? சின்னதாக, கழுத்தோடு இறங்கி? கையில் கூடை? எந்தத் தோளில்… இல்லை, தோளைச் சொல்லுங்கள். இடது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல இருக்கிறதா?

இருக்கிறதா?

அவள்தான்.

பஸ் பக்கம் திரும்பாமல் நிற்கிறாளே. நான் இறங்காமல் போனாலும் தனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நிற்கிறாள். வலைக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் போய்விட்டது தம்பி. அந்த ஆறாவது ஆளின் முகத்தை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. பந்து வரும்போது அவன் முகம் எப்படி இருந்ததோ.

காலை எடுங்கள், வழி விடுங்கள். இந்தாப்பா கண்டக்டர், விசில் கொடுத்துவிடாதே, ஆள் இறங்குது. நான் சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போய் நிற்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

என்ன? என்ன தம்பி, கத்துகிறீர்கள்?

பையா?

ஆமாம், பை. அப்படியே ஜன்னல் வழியாகக் கீழே விடுங்கள், யாராவது பிடித்துக்கொள்வார்கள். முதலில் என்னை இறங்க விடுங்கள்.